கொழிஞ்சாம்பாறைத் தகரப்பெட்டியில் 43 கேசட்டுகள்: மழைக்கு முன் எதை முதலில் செய்வது?

சோகநாசினிக்கரை · ஏப்ரல் 16

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் வீட்டுப் பரணிலிருந்து போன வாரம் ஒரு தகரப்பெட்டியை இறக்கினோம். 1988 முதல் 1997 வரை அவரும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து எடுத்த 43 வீடியோ கேசட்டுகள் அதில் இருக்கின்றன. 38 வி.எச்.எஸ். (வீட்டு வி.சி.ஆரில் ஓடுபவை), மீதி 5 எய்ட் எம்.எம். (கைக்கேமராவின் சிறிய கேசட்). கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் கேமராவை முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் குறைந்த வாடகைக்கு வாங்கி வந்து எடுத்தவை என்று ஆசிரியர் சொல்கிறார்.

இவற்றைக் கதைப்படம் என்றோ செய்திப்படம் என்றோ சொல்ல முடியாது. ஒரு கேசட்டில் நெல் அவிக்கும் அண்டாவிலிருந்து எழும் ஆவி மட்டுமே ஒரு மணி நேரம் ஓடுகிறதாம். இன்னொன்றில் பொள்ளாச்சியிலிருந்து வரும் பேருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது பயணிகளின் பேச்சு தமிழிலிருந்து மலையாளத்துக்கு எப்படி நழுவுகிறது என்பதைப் பல நாட்கள் எடுத்து ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். அன்று இவற்றை ஊர் வாசகசாலையில் ஏறக்குறைய முப்பது பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆசிரியருக்கு எழுபத்தெட்டு வயது. நண்பர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். மூன்று கேசட்டுகளின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை நூல்கள் படர்ந்திருக்கின்றன. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை வந்துவிடும். நாங்கள் அணுகிய இரண்டு காப்பகங்களில் கேரளத்தில் உள்ளது, இவை தமிழில் இருப்பதால் தங்கள் திட்டத்தில் வராது என்றது. தமிழ்நாட்டில் உள்ளது, தங்கள் மாநிலத்துக்கு வெளியே எடுக்கப்பட்டவை என்றது. ஆகவே இப்போதைக்கு நாங்கள்தான் செய்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பழைய டெக் · ஏப்ரல் 17

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். ஆசை மிகுதியால் எந்தக் கேசட்டையும் வி.சி.ஆரில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். நான் கோபாலபுரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கல்யாண வீடியோ எடுத்தவன். பூஞ்சை பிடித்த ஒரே ஒரு கேசட்டை நம்பிப் போட்டு, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்தடுத்து நான்கு நல்ல கேசட்டுகளுக்கு ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் கை தானாகவே நிதானப்படும். வி.எச்.எஸ். நாடா அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்ஸைடுத் துகள்களைப் பாலியூரித்தேன் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். படம் இருப்பது அந்தத் துகள்களில்தான். நம் நாட்டின் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஹெட் பதித்த உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுற்றி, நாடாவின் குறுக்கே சாய்வான தடங்களாகப் படத்தை எழுதுகிறது. ஒரு தடத்தின் அகலம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவில் ஒரு பூஞ்சை இழை என்பது வண்டிப்பாதையில் விழுந்த ஆலமரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை விழித்துக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்குக் கீழே இறங்குவது அரிது.

ஆகவே இந்த வாரமே வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்த மூன்று நோயாளிகளையும் மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி மூடிவிடக் கூடாது. ஏ.சி. உள்ள ஓர் அறை கிடைத்தால், ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்து, 40 விழுக்காட்டை ஒட்டிப் பத்து நாட்கள் உலரவிடுங்கள். உலர்ந்த பூஞ்சை பொடியாகும். பொடியானதைத் துடைக்கலாம், ஈரமாக இருப்பதைத் துடைத்தால் பசைபோல் இழுபடும். துடைப்பதை வீட்டுக்கு வெளியே, என்-95 முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். வயதான ஆசிரியர் அருகில் இருக்க வேண்டாம். பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அதன் ஆவி கேசட்டின் பிளாஸ்டிக்குக்குக் கேடு.

வி.எச்.எஸ். கேசட்டுகள் எல்லாவற்றிலும் முதுகுப்பக்கத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் தவறிப்போய் மேலே பதிவு செய்யாது. இது ஐந்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாததால் என் முதல் மூன்று ஆண்டுகளின் வேலை போயிற்று.

டெக், அதாவது கேசட்டை ஓட்டும் இயந்திரம் பற்றி: வி.சி.ஆர். செய்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி இருப்பவையே இருப்பவை. என்னிடம் வி.எச்.எஸ்.ஸையும் ஓட்டக்கூடிய, மேம்பட்ட வகையான எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் இரண்டு ஓடும் நிலையில் உள்ளன. ஒன்றைப் பூஞ்சைக் கேசட்டுகளுக்கென்றே ஒதுக்கிவிடலாம். கேசட்டுகளை அனுப்ப வேண்டாம், நான் வருகிறேன்.

பெருமாட்டி · ஏப்ரல் 17

இந்த இழையில் நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்களிடம் இருப்பவை அவ்வளவு பழையவை அல்ல. 2002 ஏப்ரல் 22இல் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு முன் தொடங்கிய போராட்டத்தின்போது ஊர் இளைஞர்கள் எடுத்த 14 மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள். போராட்டத்தின் முன்னணியில் நின்ற மயிலம்மாவும் மற்ற இரவாளர் குடிப் பெண்களும் தங்கள் தமிழில் பேசியதை, வெளியிலிருந்து வந்த படக்குழுக்கள் வெட்டிச் சுருக்கியதுபோல் வெட்டாமல், கிணற்றடியில் நின்ற நேரம் முழுவதும் இவை வைத்திருக்கின்றன. டிஜிட்டல் என்பதால் இவற்றுக்கு அவசரம் இல்லை என்று நினைத்திருந்தேன். அது சரியா?

பழைய டெக் · ஏப்ரல் 18

சரியில்லை அம்மா. உங்களுடையதற்கே அவசரம் கூடுதல். வி.எச்.எஸ். கெடும்போது படம் மங்கும், புள்ளி விழும், ஆனாலும் ஏதோ ஒன்று தெரியும். மினி டி.வி. நாடா கால் அங்குல அகலந்தான், பூச்சும் மிக மெல்லியது. அதில் பிழை ஓர் அளவைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறி ஒரேயடியாகப் போய்விடும்.

ஆனால் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. பழைய ஃபயர்வயர் கம்பி வழியாக எடுத்தால் நாடாவில் உள்ள எண்கள் அப்படியே கணினிக்கு வரும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. அத்துடன் கேமரா எழுதிவைத்த நாளும் நேரமும் ஒவ்வொரு படச்சட்டத்தோடும் சேர்ந்து வரும். மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கம்பியில் எடுத்தால் படம் வரும், அந்த நாளும் நேரமும் நாடாவிலேயே தங்கிவிடும். போராட்டப் பதிவுக்கு அந்த நேரக்குறிப்பே சாட்சி. நகரத்து ஸ்டூடியோக்கள் பல இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை, கேட்டு வாங்குங்கள்.

கணினி மாணவன் · ஏப்ரல் 19

கோவையில் கணினி அறிவியல் படிக்கிறேன். இந்த இழையைப் படித்ததிலிருந்து உதவ வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. மாற்றிய கோப்புகளை எனக்கு அனுப்பினால், செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு புள்ளிகளையும் கோடுகளையும் நீக்கி, நிறத்தைச் சமன்செய்து, நான்கு மடங்கு தெளிவாக்கித் தர முடியும். இன்றைய இளைஞர்கள் மங்கிய படத்தைப் பத்து விநாடிக்கு மேல் பார்க்க மாட்டார்கள். பார்க்க ஆளில்லாத பாதுகாப்பு எதற்கு என்பது என் கேள்வி. கட்டணம் வேண்டாம்.

சோகநாசினிக்கரை · ஏப்ரல் 20

தம்பி, உங்கள் மனத்துக்கு நன்றி. உங்கள் கேள்வியை ஆசிரியரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தக் கோடு வந்தது, எந்தக் கோடு நாங்கள் போட்டது என்று அந்த மென்பொருளுக்கு யார் சொல்வார்கள்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எங்கள் பெட்டிக்கு மட்டும் உரியதல்ல என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். 1965இல் கொரியாவில் பிறந்த வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்தார். 1970களில் பல கலைஞர்கள் கேமராவை அதன் திரையையே நோக்கித் திருப்பி, படத்துக்குள் படம் சுழலும்படி செய்தார்கள். அந்த நாடாக்களைக் காக்கும் நியூயார்க்கின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸும் (1971), சிகாகோவின் வீடியோ டேட்டா பேங்க்கும் (1976) கலைஞர்களோடு நேரடித் தொடர்பில் இருந்து வளர்ந்த அமைப்புகள். திரையில் தெரியும் சிதைவு நாடாவின் நோயா, கலைஞரின் கையெழுத்தா என்பதைச் சொல்லக்கூடியவர் பல சமயங்களில் அந்த ஒரே மனிதர்தான். எங்கள் ஆசிரியருக்கு எழுபத்தெட்டு வயது என்பதை மறுபடி எழுதுகிறேன்.

ஆகவே நாங்கள் வரிசையை மாற்றிவிட்டோம். கேசட்டுகள் உலரும் இந்தப் பத்து நாட்களில் ஒவ்வொரு கேசட்டையும் ஆசிரியர் கையில் கொடுத்து, அதைப் பற்றி அவர் சொல்வதை எல்லாம் எழுதுகிறோம், ஒலிப்பதிவும் செய்கிறோம். படம் பார்ப்பதற்கு முன்னரே இதைச் செய்வதில் ஒரு பயன் இருக்கிறது. பார்த்துவிட்டால் அவர் பார்த்ததைச் சொல்வார். இப்போது அவர் நினைத்து எடுத்ததைச் சொல்கிறார்.

பழைய டெக் · ஏப்ரல் 20

மாணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, மனம் தளர வேண்டாம். மூலப்படி ஒன்று வேண்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. 720-க்கு 576 என்ற அளவிலேயே, ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும் அமைப்பைக் கலைக்காமல், பத்து பிட் ஆழத்தில் எடுக்க வேண்டும். சுருக்காமல் வைத்தால் மணிக்கு 90 ஜிபிக்கு மேல் போகும். எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே அடங்கும். 2021இல் அதன் வரையறை இணையப் பொறியியல் பணிக்குழுவால் வெளியிடப்பட்டது. எந்த நிறுவனத்தின் தயவும் தேவையில்லாத முறை. இரண்டு வட்டுகளில், இரண்டு ஊர்களில் வைத்து, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகையையும் எழுதிவைக்க வேண்டும். இதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பார்வைக்கான படியில் வேண்டியதைச் செய்யலாம், ஆனால் செய்தது என்ன என்று எழுதிவிட்டுச் செய்யட்டும்.

இன்னொன்று: வி.எச்.எஸ். நாடாவின் ஓரத்தில் நேர்கோட்டு ஒலித்தடம் ஒன்று உண்டு. ஹை-ஃபை டெக்கில் பதிந்திருந்தால் படத்தோடு கலந்து இன்னொரு ஒலித்தடமும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். பின்னால் ஒலியை மட்டும் மாற்றியிருந்தால் பழைய ஒலி ஹை-ஃபை தடத்தில் அப்படியே கிடக்கும்.

நகரிக்காரி · ஏப்ரல் 23

ஆந்திரத்தில் நகரியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இணைத்திருந்த கேசட் முதுகுகளின் படத்தில் 19ஆம் எண் கேசட்டில் "சித்தூர் – சித்தூர் 92, கூத்து" என்று எழுதியிருக்கிறது. ஊர்ப்பெயரை ஏன் இருமுறை எழுதினார்கள்? உங்கள் தாலுக்கா சித்தூர் என்பது தெரியும். ஆனால் எங்கள் மாவட்டமும் சித்தூர்தான். இங்கே திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து தமிழிலும் தெலுங்கிலும் நடக்கிறது. என் தாத்தா கூத்தாடியவர், எங்கள் வீட்டில் அவர் ஆடியதற்கு ஒரு புகைப்படத்தைத் தவிர எதுவும் இல்லை.

அந்தக் கேசட்டில் தரையில் மண்ணால் செய்த மிகப் பெரிய உருவம் ஒன்று படுத்திருப்பது தெரிந்தால், அது படுகளத்துத் துரியோதனன், பாரதப் போரில் வீழ்ந்து கிடப்பவன். அப்படியானால் அது உங்கள் சித்தூர் இல்லை.

சோகநாசினிக்கரை · ஏப்ரல் 24

அக்கா, நாங்கள் அனைவரும் அதைக் கைதவறி இருமுறை எழுதியதாகவே எண்ணியிருந்தோம். நோயாளிகளாக ஒதுக்கிய மூன்றில் அதுவும் ஒன்று, இன்னும் உலர்ந்து முடியவில்லை. ஆசிரியரிடம் கேட்டதற்கு, "அதைப் பார்த்த பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். மற்ற 42க்கும் விவரம் சொன்னவர் இதற்கு மட்டும் சொல்லவில்லை.

சோகநாசினிக்கரை · மே 9

கோபாலபுரத்து அண்ணன் நான்கு நாட்கள் எங்களோடு தங்கி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார். 19ஆம் கேசட்டின் நாடாவை உருளையைத் தொடாதபடி மெதுவாகச் சுற்றவிட்டு, நூல் உதிராத துணியால் துடைத்து, கேசட்டின் கூட்டைப் பிரித்து, நாடாவைப் புதிய கூட்டுக்கு மாற்றிய பிறகே டெக்கில் போட்டோம்.

அதில் இரண்டு சித்தூரும் இருக்கின்றன. எங்கள் ஊர் முற்றத்தில் பாணர் ஒருவர் எங்கள் பக்கத்து நாட்டுக் கூத்தான பொறாட்டு நாடகத்தின் குறவன் வேடத்தை ஆடிக் காட்டுகிறார். சோத்தியக்காரர் தமிழும் மலையாளமும் கலந்து கேள்வி கேட்கிறார். திடீரென்று திரை முழுவதும் வானவில் பட்டைகள் நெளிகின்றன. மூன்று நான்கு விநாடி. பிறகு மண் துரியோதனன். அதன்பின் வெண்புள்ளி பொழிகிறது, மறுபடி எங்கள் முற்றம். இப்படி ஒன்பது முறை. உடனிருந்த நண்பர் ஒருவர், கல்யாணக் கேசட்டின்மேல் எதையோ தவறிப் பதிந்ததுபோல் இருக்கிறது என்றார்.

பழைய டெக் · மே 10

அதை நான் விளக்குகிறேன், ஏனென்றால் என் வாழ்நாளில் நான் வெறுத்த இரண்டு விஷயங்கள் அவை. சாதாரண வி.சி.ஆரில் அழிக்கும் ஹெட் சுழலும் உருளைக்குச் சில அங்குலம் முன்னாலேயே அசையாமல் நிற்கும். பழைய பதிவின் நடுவே புதிதாகப் பதியத் தொடங்கினால், அந்த இடைவெளியில் உள்ள நாடா அழிபடாமலேயே உருளைக்குப் போய்ச் சேரும். நிறச் சமிக்ஞை குறைந்த அதிர்வெண்ணில் நாடாவின் ஆழத்தில் பதிவது. அதனால் புதிய படத்தின் அடியில் பழைய படத்தின் நிறம் சில விநாடி நிற்கும், அதுதான் வானவில். பதிவை நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு: அழித்தாயிற்று, ஆனால் எழுதவில்லை. அந்த வெற்றிடந்தான் வெண்புள்ளி. நாங்கள் இதற்குப் பயந்தே உருளையிலேயே அழிக்கும் ஹெட் உள்ள விலையுயர்ந்த டெக்குகளைத் தேடிப் போனோம்.

ஆனால் அங்கே ஒன்றைக் கவனித்தேன். வெண்புள்ளி பெய்யும் இடத்தில் ஒலியும் அறுந்திருக்க வேண்டும், அழிக்கும் ஹெட் நாடாவின் முழு அகலத்தையும் அழிப்பதால். அறவில்லை. கூத்தின் மத்தளம் தொடக்கம் முதல் முடிவு வரை, பாணர் ஆடும்போதும் வெண்புள்ளியின்போதும், ஒரே ஓட்டமாகப் போகிறது. அப்படியென்றால் படத்தை வெட்டிச் சேர்த்து முடித்த பிறகு, ஆடியோ டப் பொத்தானை அழுத்தி யாரோ உட்கார்ந்து ஒலியைத் தனியே ஏற்றியிருக்கிறார்கள். கைதவறிப் பதிந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

சோகநாசினிக்கரை · மே 11

அண்ணன் எழுதியதை ஆசிரியருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கியதை நான் இங்கே எழுதுவதில் அவருக்குத் தடை இல்லை. அன்று அதைப் பார்த்த எல்லாரும் கெட்டுப்போன கேசட் என்றார்களாம். அதனால்தான் நம்மிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

1992 ஆடியில் அவர் ஒரு வேலையாக ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம் போயிருக்கிறார். பேருந்துப் பலகையில் தம் ஊரின் பெயரைப் பார்த்து, அங்கும் தமிழ் பேசுகிறவர்களைப் பார்த்து, இரு பக்கத்துக் கூத்தையும் ஒரே நாடாவில் எழுத வேண்டும் என்று தோன்றியதாம். ஓர் ஊரின் நிறம் அழியாமல் மற்ற ஊரின் அடியில் சில விநாடி நிற்பதை முதல் ஒட்டில் பார்த்தபோது இயந்திரத்தின் குறை என்றுதான் நினைத்திருக்கிறார். இரண்டாவதிலிருந்து அதற்காகவே ஒட்டியிருக்கிறார். எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் வந்தால் வானவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு பழைய நோட்டில் விநாடிக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். அந்த நோட்டையும் இப்போது கேசட்டோடு சேர்த்து எண்ணிட்டுவிட்டோம்.

கணினி மாணவன் · மே 11

நான் அனுப்பச் சொன்ன கோப்பில் என் மென்பொருள் முதலில் நீக்கியிருக்கக்கூடியது அந்த ஒன்பது வானவில்லையும் ஒன்பது வெண்புள்ளிப் பொழிவையும்தான். வேறு ஒரு படத்தில் சோதித்துப் பார்த்தேன், நீக்கியது.

நான் வேறு ஒரு பணியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். 2008 முதல் இயங்கும் பேட்.மா என்ற இந்தியக் காணொளிக் காப்பகத்தில், படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தோடு பொருத்தி எழுத்தும் குறிப்பும் சேர்க்க முடிகிறது. அந்த முறையில் ஆசிரியரின் ஒலிப்பதிவையும் நோட்டையும் படத்தின் விநாடிகளோடு இணைத்துத் தருகிறேன். மொழிக் கட்டத்தில் ஒரு மொழியை மட்டும் எழுத வற்புறுத்தும் அட்டவணையை மாற்றி, தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் எந்த விநாடியில் பேசப்படுகின்றன என்று குறிக்கிறேன். அந்த இரண்டு காப்பகங்களிடம் மறுபடி போகும்போது இதைக் கையில் கொண்டு போகலாம்.

பெருமாட்டி · மே 14

எங்கள் 14இல் 12 கேசட்டுகள் ஃபயர்வயரில் நாளும் நேரமும் மாறாமல் வந்துவிட்டன. இரண்டில் பாதிக்கு மேல் கட்டங்களாகச் சிதறிவிட்டது. ஒலி மட்டும் ஆங்காங்கே இருக்கிறது, அதையும் வைத்துக்கொள்கிறோம்.

நகரிக்காரி · மே 15

மாணவர் அனுப்பிய நான்கு நிமிடத்தை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். படுகளத்தில் நிற்கும் வீமன் வேடக்காரர் என் தாத்தா இல்லை. பின்பாட்டுப் பாடும் மூவரில் இடப்பக்கம் நிற்பவர் தாத்தாவோடு ஆடியவர் என்று என் அம்மா சொல்கிறார். அவர் திருத்தணிப் பக்கம் இன்னும் இருக்கிறார். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போய் நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்ட பிறகும் கூத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மடிக்கணினியில் இதை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன். பாட்டின் வரிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி, விநாடி எண்ணோடு அனுப்புகிறேன்.

சோகநாசினிக்கரை · மே 27

43இல் இதுவரை 29 முடிந்திருக்கின்றன. ஆறில் படமே இல்லை. எய்ட் எம்.எம். ஐந்துக்கும் ஓடும் கேமரா கிடைக்கவில்லை, உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். கோபுரம்போல் அடுக்கி வைத்திருந்தவற்றைப் புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்தி, கூட்டுறவுச் சங்கத்தின் ஏ.சி. அறைக்கு மாற்றிவிட்டோம். ஈரப்பதமானி இன்று காலை 46 காட்டியது.

வெளியே வானம் இருண்டிருக்கிறது. நாளை அண்ணன் வருகிறார், 30ஆம் கேசட்டைப் போடுகிறோம். அதுதான் அண்டாவின் ஆவி. ஒரு மணி நேரம் முழுவதையும் பார்க்க ஆசிரியரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.